ஆங்கிலச் சொல் ஒன்றின் பொருளை ஆராய்வது எப்படி: தோட்டப்புற மாணவருக்கு ஒரு வழிகாட்டி

டெசல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் படிப்பு) எடுத்தாலும் சரி, ஆங்கில மொழியியல் எடுத்தாலும் சரி, ஏதாவதொரு பருவத்தில் இந்த இடுபணி வந்தே தீரும்: ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுத்து அதன் பொருளைக் கோட்பாட்டு அடிப்படையில் ஆராய்க. பெரும்பாலானவர்கள் சொசூர், ஃபிரேகே என்று கோட்பாட்டாளர்களைப் பற்றி மூன்று பக்கம் வரலாறு எழுதிவிட்டு, கடைசி அரைப்பக்கத்தில் சொல்லைத் தொட்டுவிட்டு ஓடுகிறார்கள். மதிப்பெண் அங்கேதான் போகிறது. சொற்பொருள் கோட்பாடு ஒவ்வொன்றும் ஒரு சோதனை. ஒரு சோதனை சில சொற்களுக்குப் பொருந்தும், சிலவற்றில் உடைந்துபோகும். எந்தச் சொல்லுக்கு எது பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்று காட்டுவதுதான் வேலை. கோட்பாட்டை முதலில் முடிவு செய்துவிட்டுச் சொல்லைத் தேடக்கூடாது.

மலேசியாவில் பீடோர், சுங்கை சிப்புட், கூலிம் பக்கத்துத் தோட்டப்புற மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வீட்டுக்குள்ளேயே புழங்குகின்றன. தோட்டத்து ஆங்கிலத்துக்கென்று தனிச் சொற்கள் இருக்கின்றன. பாடநூலில் வரும் ராபின் பறவையையும் பிரிட்டிஷ் தேநீர்க் கோப்பையையும் தேடிப் போகவேண்டியதில்லை.

தேவையானவை

ஒரே ஒரு சொல். ‘லவ்’, ‘ஃப்ரீடம்’ போன்றவை வேண்டாம், முதல் பக்கத்திலேயே தத்துவத்தில் சிக்கிக்கொள்வீர்கள். கண்ணால் பார்க்கக்கூடிய பொருளோ செயலோ போதும். இந்த வழிகாட்டியில் ‘டேப்’, ‘அங்கிள்’, ‘கப்’, ‘ரைப்’ என்ற நான்கை எடுத்துக்கொள்கிறோம்.

இருபது வாக்கியங்கள். பத்தை பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற ஆங்கில உரைத் தொகுப்பிலிருந்தும் பத்தை குளோவ்பி எனப்படும் உலக ஆங்கில இணையத் தொகுப்பின் மலேசியப் பகுதியிலிருந்தும் எடுங்கள். முதலாவதில் ஏறக்குறைய 10 கோடி சொற்கள், பத்தில் ஒன்பது பங்கு எழுத்து வழக்கு. அது 1990களின் தொடக்கத்தில் தொகுத்தது. ஆகவே டச் அண்ட் கோ கட்டண அட்டையை ‘டேப்’ செய்வது அதில் கிடைக்காது. இரண்டாவதில் ஏறக்குறைய 190 கோடி சொற்கள், 20 நாடுகள். வாக்கியங்களை நீங்களே உருவாக்காதீர்கள். சொந்தமாகக் கட்டிய வாக்கியம் உங்கள் கோட்பாட்டுக்குத் தலையாட்டும், அதனால் ஒன்றும் தெரியவராது.

கடைசியாக, கேள்வி கேட்க இரண்டு பேர்: பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த) அனுபவம் உள்ள பெரியவர் ஒருவர், தோட்டத்தையே பார்க்காத நண்பர் ஒருவர்.

முதலில், அது எத்தனை சொல்?

அகராதியில் ‘டேப்’ என்று தேடினால் நீளமான பட்டியல் வரும்: தண்ணீர்க் குழாய், பால்மரம் வெட்டுதல், தொலைபேசியை ஒட்டுக்கேட்டல், வளத்தைப் பயன்படுத்திக்கொள்ளல், லேசாகத் தட்டுதல், அட்டையைத் தொடுதல், காலால் தட்டி ஆடும் நடனம். இதை ஒரே சொல்லின் ஏழு பொருள் என்று எழுதினால் அடித்தளமே தவறு. ஒரே வடிவில் இரண்டு வேறு சொற்கள் நிற்கின்றன. ஒன்று, பழைய ஆங்கிலத்தில் பீப்பாயின் அடைப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. உள்ளிருக்கும் திரவத்தை வெளியே எடுப்பது அதன் கரு. குழாய், பால்வெட்டு, ஒட்டுக்கேட்பு, வளம் நான்கும் இந்தக் குடும்பம். தட்டுதல் வேறு சொல், பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அட்டையும் நடனமும் அதோடு சேரும். குடும்பத்துக்குள் இருப்பது பல்பொருண்மை, பாடத்தில் போலிசெமி என்பார்கள். இரண்டு குடும்பங்களுக்கு இடையே இருப்பது ஒப்புருத்தன்மை, ஹோமோனிமி.

சொல் வரலாறு துணைச் சான்றுதான், தீர்ப்பு அல்ல. சோளக் கதிரைக் குறிக்கும் ‘இயர்’ வேறு, காதைக் குறிக்கும் ‘இயர்’ வேறு, பழைய ஆங்கிலத்திலேயே அவை இரண்டு சொற்கள். ஆனாலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால்தான் கதிருக்கு அந்தப் பெயர் என்று நினைக்கும் ஆங்கிலேயர்கள் உண்டு. பேசுபவர் மனத்தில் இருப்பதைத் தேடுகிறோம் என்றால் வரலாற்றோடு நிறுத்தக்கூடாது. இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள்.

ஒன்று, ‘ஸோ டிட்’ சோதனை. ‘ரவி டேப்ட் த ட்ரீ, அண்ட் ஸோ டிட் முத்து’ என்று எழுதிப் பாருங்கள். இருவரும் பால் வெட்டியிருக்கலாம், இருவரும் மரத்தைத் தட்டியிருக்கலாம். ஒருவர் வெட்ட, மற்றவர் தட்டினார் என்று மட்டும் கொள்ளமுடியாது. அப்படிக் குறுக்கே கொள்ளமுடியாவிட்டால் அங்கே உண்மையாகவே இரண்டு பொருள் இருக்கிறது. ‘ஒர்க்கர்’ என்பதை வைத்து இதையே செய்யுங்கள்: ‘ரவி இஸ் எ ஒர்க்கர், அண்ட் ஸோ இஸ் முத்து’. ஒருவர் பால் வெட்டுபவர், மற்றவர் உரம் போடுபவர் என்றாலும் வாக்கியம் நிற்கும். அது இரண்டு பொருள் அல்ல, விவரம் சொல்லாத ஒரே பொருள்.

இரண்டு, நுகச் சோதனை. ஒரே வினையின் கீழ் இரண்டு செயப்படுபொருள்களைக் கட்டுங்கள்: ‘தே டேப்ட் த ட்ரீஸ் அண்ட் ஹிஸ் ஃபோன்’. கேட்டவர் முகத்தில் சிரிப்பு வந்தால் பொருள்கள் பிரிந்துவிட்டன. இந்த இடத்தில் மரமும் தொலைபேசியும் ஒரே குடும்பம், இருந்தும் வாக்கியம் இடறுகிறது. எனவே நுகச் சோதனை பொருள் வேறு என்று மட்டும்தான் காட்டும், சொல் வேறு என்று காட்டாது. இதைக் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் பகுதியில் அடிக்கடி வரும் பிழை.

சுட்டுவது வேறு, உணர்த்துவது வேறு

சொல் என்றால் பொருளுக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு என்று தொடங்கினால் எங்கே முட்டும் என்பதை 1892-ல் ஃபிரேகே காட்டினார். அவருடைய விடிவெள்ளி, மாலைவெள்ளி எடுத்துக்காட்டு எல்லா விடைத்தாளிலும் வந்து தேய்ந்துவிட்டது. நம்மிடம் இன்னும் கூர்மையானது உண்டு. ‘மலேசியாவின் நாலாவது பிரதமர்’, ‘மலேசியாவின் ஏழாவது பிரதமர்’ என்ற இரண்டு தொடர்களும் சுட்டுவது ஒரே மனிதரை, மகாதீரை. ‘நாலாவது பிரதமர்தான் நாலாவது பிரதமர்’ என்றால் யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. ‘நாலாவது பிரதமர்தான் ஏழாவது பிரதமர்’ என்பதில் 2018 தேர்தலே அடங்கியிருக்கிறது. சுட்டுப்பொருள் ஒன்று, உணர்பொருள் இரண்டு. முதலாவது ரெஃபரன்ஸ், இரண்டாவது சென்ஸ்.

ஆளின் பெயருக்கும் ஊரின் பெயருக்கும் இதை அப்படியே பொருத்தாதீர்கள். தெலுக் ஆன்சன் 1982-ல் தெலுக் இந்தான் ஆனது. இரண்டு பெயரும் ஒரே ஊரைச் சுட்டுகின்றன, ஆனால் எந்த வருணனையும் அவற்றுக்குள் ஒளிந்திருப்பதாகச் சொல்லமுடியாது. பெயர் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குக் கைமாறி வருவதால்தான் சுட்டுகிறது என்றார் தத்துவவாதி கிரிப்கி. இடுபணிக்கு அந்த ஒரு வரி போதும்.

1923-ல் ஆக்டன், ரிச்சர்ட்ஸ் இருவரும் எண்ணத்தை உச்சியிலும் சொல்லையும் பொருளையும் அடியின் இரு முனைகளிலும் வைத்துப் போட்ட முக்கோணத்தை வரைந்தால் அடிக்கோட்டைப் புள்ளிக்கோடாக வரையுங்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் நேரடித் தொடர்பில்லை, எண்ணத்தைச் சுற்றித்தான் போகவேண்டும் என்பதே அந்தப் படத்தின் கருத்து. முழுக்கோடு போட்டால் அவர்கள் சொன்னதற்கு நேர்எதிர் ஆகிவிடும்.

சொசூர் இதே சிக்கலை வேறு பக்கமிருந்து பார்த்தார். சொல்லின் மதிப்பை அதன் பக்கத்துச் சொற்கள் தீர்மானிக்கின்றன என்றார். பிரெஞ்சில் ‘மூட்டோன்’ ஆட்டையும் இறைச்சியையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘ஷீப்’ பக்கத்தில் ‘மட்டன்’ நிற்பதால் இரண்டும் பாதிப் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டன. இதை எழுதும்போது கவனம்: பிரிட்டனில் மட்டன் செம்மறியாட்டு இறைச்சி. நம் ஊர்க் கடையில் மட்டன் வறுவல் கேட்டால் பெரும்பாலும் வெள்ளாடுதான் வரும். மலாயில் ‘கம்பிங்’ வெள்ளாடு, செம்மறிக்குத் தனியே ‘பிரி-பிரி’. அப்படியானால் மலேசிய ஆங்கிலத்தில் ‘மட்டன்’ பிடித்திருக்கும் இடம் பிரிட்டனில் உள்ளதல்ல.

கூறுகளாகப் பிரித்தல்

சொல்லின் பொருளைச் சிறு சிறு கூறுகளாக உடைத்துக் காட்டும் பொருட்கூறுப் பகுப்பாய்வு இடுபணிக்கு மிகவும் வசதியானது, அட்டவணை போடலாம். 1963-ல் காட்ஸ், ஃபோடர் இருவரும் ‘பேச்சலர்’ என்ற சொல்லை மணமாகாதவர், இளம் வீரர், முதல் பட்டம் பெற்றவர், இணை கிடைக்காத இளம் ஆண் கடல்நாய் என்று நான்காகப் பிரித்துக் கூறுகள் கொடுத்தார்கள். போப்பாண்டவரும் மணமாகாத ஆண்தானே, அவரை யாரும் பேச்சலர் என்று சொல்வதில்லையே என்ற மறுப்பும் கூடவே வந்தது. இரண்டையும் எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் உறவுச்சொற்களுக்குப் போங்கள். குடினஃப், லவுன்ஸ்பரி இருவரும் 1956-ல் இந்த முறையைக் கட்டியதே உறவுச்சொற்களை வைத்துத்தான்.

‘அங்கிள்’ என்ற ஒரு சொல்லுக்கு எதிரே தமிழில் பெரியப்பா, சித்தப்பா, மாமா. மாணவர்கள் சட்டென்று எழுதும் கூறு தந்தைவழி, தாய்வழி. பெரியப்பாவும் சித்தப்பாவும் தந்தைவழி, மாமா தாய்வழி. அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. அம்மாவின் அக்கா கணவரும் பெரியப்பாதான், அவர் தாய்வழி. அப்பாவின் தங்கை கணவர் மாமா, அவர் தந்தைவழி. அட்டவணை அங்கேயே கவிழ்ந்துவிடுகிறது.

சரியான கூற்றைக் கண்டுபிடிக்க, உறவை இணைக்கும் உடன்பிறப்பு ஜோடியைப் பாருங்கள். அப்பாவும் அவர் அண்ணன் தம்பியும், அம்மாவும் அவர் அக்கா தங்கையும் ஒரே பால். அந்த வழியாக வருபவர்கள் பெரியப்பாவும் சித்தப்பாவும். அம்மாவும் அவர் அண்ணன் தம்பியும், அப்பாவும் அவர் அக்கா தங்கையும் எதிர்ப்பால். அந்த வழியாக வருபவர் மாமா. ஆக முதல் கூறு, இணைக்கும் ஜோடி ஒரே பாலா என்பது. இரண்டாவது கூறு, இணைக்கும் உடன்பிறப்பு நம் அப்பா அம்மாவைவிட மூத்தவரா என்பது. இந்த இரண்டாவது கூறு ஒரே பால் வரிசையில்தான் வேலை செய்கிறது. பெரிய மாமா, சின்ன மாமா என்று அடைமொழி போட்டுக்கொள்கிறோமே தவிர, அடிச்சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்துக்கு இந்த இரண்டு கூறுமே தேவையில்லை: ஆண், ஒரு தலைமுறை மேலே, பெற்றோரின் உடன்பிறப்பு அல்லது அவர் துணைவர். அவ்வளவுதான் ‘அங்கிள்’.

அட்டவணையில் கூட்டல், கழித்தலோடு சுழியத்தையும் பயன்படுத்துங்கள். கூறு பொருந்தாத இடத்தில் கழித்தல் போட்டால் எதிர்ப்பண்பு இருப்பதாக ஆகிவிடும். மாமாவின் வரிசையில் ‘மூத்தவர்’ என்ற கூற்றுக்குக் கழித்தல் போட்டால் மாமா எப்போதும் அம்மாவுக்குத் தம்பி என்று பொருள்படும்.

டாக்சி ஓட்டுநரையும் காய்கறிக் கடைக்காரரையும் ‘அங்கிள்’ என்று கூப்பிடுவது இந்த அட்டவணைக்குள் வராது. அது விளிக்கும் மரபு, சமூகப் பொருள். தனிப் பத்தியில் எழுதிவிட்டுக் கடந்துபோங்கள். அதற்காகக் கூறுகளைத் தளர்த்தாதீர்கள்.

கூறுகள் கச்சிதமாக உட்காரும் இன்னொரு இடம் சட்டமும் புள்ளிவிவரமும். மலேசியக் கணக்கெடுப்பில் ‘எஸ்டேட்’ என்றால் குறைந்தது 100 ஏக்கர், ஏறத்தாழ 40 ஹெக்டேர். அதற்குக் குறைந்தால் ‘ஸ்மால்ஹோல்டிங்’. ஒரே ஓர் எண்தான் இரண்டையும் பிரிக்கிறது. ஆனால் லண்டன்காரருக்கு எஸ்டேட் என்றதும் அடுக்குமாடிக் குடியிருப்போ இறந்தவரின் சொத்தோ நினைவுக்கு வரும். கூறு எந்த வழக்குக்கு உரியது என்று எழுதாத அட்டவணை பாதி அட்டவணை.

விளிம்பு தெளிவில்லாத சொற்கள்

எல்லாச் சொல்லையும் கூறாக வெட்டமுடியாது என்பதை 1973-ல் மொழியியலாளர் லபோவ் கோப்பைப் படங்களை வைத்துக் காட்டினார். படத்தில் கோப்பையின் அகலம் கூடக்கூட ‘கப்’ என்று சொல்பவர்கள் குறைந்து ‘போல்’ என்பவர்கள் கூடினார்கள். எந்த அளவில் மாறுகிறது என்று ஒரு கோடு கிழிக்கமுடியவில்லை. அதே படத்தில் காப்பிக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னபோது ‘போல்’ இன்னும் சீக்கிரம் வந்தது.

இதைச் செய்துபார்க்கத் தோட்டப்புறத்தைவிட நல்ல இடம் கிடையாது. பால்மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய ‘மங்கு’ என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லை, தட்டு இல்லை, யாரும் அதில் குடிப்பதில்லை. இருந்தும் ஆங்கிலத்தில் அது ‘கப்’, அதில் உறைந்த பால் ‘கப் லம்ப்’. நம் ‘மங்கு’ மலாய் ‘மங்கோக்’ வழி வந்தது, மலாயில் மங்கோக் என்றால் கிண்ணம். கோப்பைக்கு மலாயில் ‘சவான்’ இருக்கிறது. ஒரே பொருளை ஆங்கிலம் கோப்பைப் பக்கமும் மலாய் கிண்ணப் பக்கமும் தள்ளிவிட்டன. ஐந்து பாத்திரங்களைப் படம் எடுத்து, மங்கு ஒன்றையும் சேர்த்து, உங்கள் இரண்டு தகவலாளர்களிடமும் ஆங்கிலத்தில் பெயர் சொல்லச் சொல்லுங்கள். முதலில் வெறும் படம். பிறகு உள்ளே ரப்பர் பால் இருப்பதாகச் சொல்லி ஒருமுறை, சூப் இருப்பதாகச் சொல்லி ஒருமுறை. இரண்டு பேரிடம் கேட்டதை வைத்து விழுக்காடு போடவேண்டாம். விடை எங்கே மாறியது என்பதை மட்டும் எழுதுங்கள்.

எலினோர் ரோஷ் 1970களில் வளர்த்த முன்மாதிரிக் கோட்பாடும் இதே நிலத்தில் நிற்கிறது. ஒரு வகைக்குள் எல்லா உறுப்பும் சமமல்ல, சில நடுவில், சில ஓரத்தில். அவருடைய தரவரிசை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமிருந்து பெற்றது. பறவை என்றதும் ராபின் முதலில் நிற்பதற்கு அதுதான் காரணம். அந்தப் பட்டியலை இங்கே நகலெடுத்து ஒட்டாதீர்கள். பத்துப் பேரிடம் ‘ஃப்ரூட்’ என்று சொல்லி, 30 வினாடியில் தோன்றியதை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். எது முதலில் வருகிறது, எத்தனை தாளில் வருகிறது, இரண்டையும் கணக்கெடுங்கள். செம்பனை யார் தாளிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆலைக்குப் போகும் லாரி முழுக்க ‘ஃப்ரெஷ் ஃப்ரூட் பன்ச்’ (புதிய பழக்குலை) என்ற பெயரில்தான் போகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தரவரிசை கிடைத்தவுடன் ‘ஆகவே இந்தச் சொல்லுக்கு வரையறை இல்லை’ என்று முடிக்கத் தோன்றும். ஆர்ம்ஸ்ட்ராங்கும் இரண்டு கிளைட்மன்களும் (மூவரும் ஆய்வாளர்கள்) 1983-ல் ஒற்றைப்படை எண்ணை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். மக்கள் அதற்கும் தரவரிசை கொடுத்தார்கள், சில எண்கள் மற்றவற்றைவிட ‘நல்ல’ ஒற்றைப்படை என்றார்கள். ஒற்றைப்படைக்குக் கறாரான வரையறை இருக்கிறது. எனவே தரவரிசை இருப்பதும் வரையறை இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

‘ரைப்’ என்ற சொல் இதற்கு எடுப்பான எடுத்துக்காட்டு. சந்தையில் அது படிநிலைச் சொல்: ‘வெரி ரைப்’, ‘நாட் ரைப் எனஃப்’ என்று அடை சேர்க்கலாம், பழுக்காததும் பழுத்ததும் நடுவே நீண்ட இடைவெளி. செம்பனை ஆலை வாசலில் கதை வேறு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரப்பிரிப்பில், குலையிலிருந்து குறைந்தது பத்துப் பழம் உதிர்ந்த குழிகள் தெரிந்தால்தான் அது ‘ரைப்’, ஒன்பது என்றால் ‘அண்டர்ரைப்’. ஒரே சொல், ஒரே மொழி. சந்தையில் முன்மாதிரி வேலை செய்கிறது, தராசுக்குப் பக்கத்தில் பொருட்கூறு வேலை செய்கிறது. எதிர்ச்சொல் வகையை எழுதும்போதும் இதைக் கவனியுங்கள். ‘ரைப், அன்ரைப் எதிர்ச்சொற்கள்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘வெரி’ சேர்கிறதா, ‘இரண்டும் இல்லை’ என்று சொல்லமுடிகிறதா என்று சோதித்து, படிநிலை எதிர்ச்சொல்லா, ஒன்றை மறுத்தால் மற்றது உறுதியாகும் வகையா என்று குறிப்பிடுங்கள். ‘பை’, ‘செல்’ போன்றவை மூன்றாவது வகை, ஒரே நிகழ்ச்சியை இரு பக்கமிருந்து சொல்பவை.

சட்டகமும் பக்கத்துச் சொற்களும்

சில சொற்களுக்குப் பின்னால் ஒரு முழு நிகழ்ச்சியே இருக்கும். மொழியியலாளர் ஃபில்மோர் இதை ஃபிரேம், அதாவது சட்டகம், என்றார். வாங்குபவர், விற்பவர், சரக்கு, பணம் நான்கும் தெரியாதவருக்கு ‘சார்ஜ்’, ‘காஸ்ட்’, ‘பே’ எதுவும் புரியாது. தோட்டத்து ‘மஸ்டர்’ என்ற சொல்லை உங்கள் இரண்டு தகவலாளரிடமும் கேளுங்கள். பெரியவர் பெரட்டு என்பார்: இருட்டு விலகுமுன் கூடும் கூட்டம், மண்டோர் (மேற்பார்வையாளர்), பெயர் கூப்பிடுவது, செக்ரோல் (வருகைப் பதிவேடு), அன்றைய வேலைப் பங்கீடு. நண்பர் ‘ஒன்றுகூட்டுதல்’ என்று அகராதிப் பொருளைச் சொல்லி நிறுத்திவிடுவார். இருவர் சொன்னதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நிகழ்ச்சியில் யார் யார், எந்தக் கருவி, எந்த வரிசை என்று பெயரிட்டால் சட்டகம் கிடைத்துவிடும்.

கடைசியாகச் சேர்க்கை, எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வருகிறது என்பது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்து அறியலாம் என்பது 1957-ல் ஃபெர்த் வலியுறுத்தியது. தேநீர் ‘ஸ்ட்ராங்’, கார் ‘பவர்ஃபுல்’, மாற்றிப்போட்டால் ஆங்கிலம் முகம் சுளிக்கும் என்று ஹாலிடே காட்டினார். கார்ப்பஸில் உங்கள் சொல்லுக்கு இடமும் வலமும் நான்கு சொல் இடைவெளி வைத்துக் கூட்டாளிகளைத் தேடுங்கள். வெறும் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் ‘த’, ‘ஆஃப்’ மேலே வந்து நிற்கும். இரண்டு சொற்கள் தற்செயலைவிட எவ்வளவு அதிகமாகச் சேர்ந்து வருகின்றன என்று காட்டும் மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் அளவைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது ஐந்து தடவையாவது வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே தடவை வந்த எழுத்துப்பிழைகூடத் தலைமேல் ஏறி உட்காரும்.

எழுதும்போது

1,500 சொல் இடுபணி என்றால் கோட்பாட்டு அறிமுகத்துக்கு 200 போதும். தரவு எங்கிருந்து வந்தது, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு 250. சோதனைகளுக்கு 750. மிச்சம் 300, எடுத்த கோட்பாடு உங்கள் சொல்லில் எங்கே உடைகிறது என்பதற்கு. இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறவர்களே அதிகம். கோட்பாடு உடையவே இல்லை என்று தோன்றினால் இருபது வாக்கியங்களையும் திரும்பப் படியுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பொருளாக எழுதாதீர்கள். ‘ரைஸ் என்றால் அரிசி’ என்பது பொருள் விளக்கம் அல்ல. நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் நடுவே ஆங்கிலம் எங்கே கோடு கிழிக்கிறது, எங்கே கிழிக்கவில்லை என்பதுதான் விளக்கம். வாக்கியங்களுக்கு எண் கொடுத்துப் பின்னிணைப்பில் வையுங்கள், உரையில் எண்ணைச் சுட்டிப் பேசுங்கள். பொருந்தாத வாக்கியத்தைப் பட்டியலிலிருந்து நீக்காமல் பக்கத்தில் ஒரு குறி போட்டு விடுங்கள், அதைப் பற்றித்தான் விரிவுரையாளர் முதலில் கேட்பார்.